உடலும் எண்ணும் – 6: பிரஸ்ஸல்ஸ் வானசாஸ்திரியின் மனிதன்

பாதுவா நகரத்து வைத்தியப் பேராசிரியராகிய சான்டோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியொன்றில் அமர்ந்து, தாம் உண்டதையும் பருகியதையும் கழித்ததையும் வருஷக்கணக்காக நிறுத்துக் குறித்து, அந்த அவதானங்களின் பயனை 1614-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாக வெளியிட்ட வரலாற்றைச் சென்ற பகுதியில் கண்டோம். ஒரு தேகத்தைப் பல நாள் நிறுத்தவர் அவர். இப்பகுதிக்கு உரியவரோ, பல்லாயிரம் தேகங்களை அளந்தும், பிறர் அளந்து வைத்த கணக்குகளைத் திரட்டியும், அவர்களில் எவரையும் தனித்து அறிய விரும்பாமல், எல்லாரையும் ஒருசேர அறிய விரும்பிய ஒரு வானசாஸ்திரி. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் வைத்தியரைக் காணும் முன்பே நம்மை எடை மேடையில் ஏற்றி, உயரக்கோலின் அருகே நிறுத்தி, பி.எம்.ஐ. என்று எழுதப்படும் அந்த உடல் நிறைக் குறியெண்ணின் மூலம் அவருடைய ஏட்டில்தான் இருக்கிறது. அவர் அதை எதற்காகக் கண்டார் என்பதை அறிந்தால்தான், அது நமக்கு எதைச் சொல்லவல்லது, எதைச் சொல்ல இயலாதது என்பது விளங்கும்.

அடால்ஃப் கெத்லே, 1796-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 22-ந் தேதி, இன்று பெல்ஜியத்தைச் சேர்ந்த கெண்ட் நகரத்தில் பிறந்தார். ஏழாம் வயதில் தந்தையை இழந்து, பதினேழு வயதிலேயே பள்ளிக்கூடத்தில் கணிதம் போதிக்கத் தொடங்கிய அந்த இளைஞருக்குச் சித்திரத்திலும் கவிதையிலும் இருந்த பற்று சொற்பமன்று; நண்பர் ஒருவரோடு சேர்ந்து சங்கீத நாடகம் ஒன்றுகூட எழுதினார். ஆயினும் கணிதமே அவரை ஆட்கொண்டது. கெண்ட் சர்வகலாசாலை புதிதாகத் தோன்றியபோது அது வழங்கிய முதல் டாக்டர் பட்டத்தை 1819-ல் பெற்றவர் அவரே. பிறகு பிரஸ்ஸல்ஸுக்குப் போய்ப் போதனை செய்துகொண்டே, அந்நகரத்துக்கு ஒரு வானாராய்ச்சிக் கூடம் வேண்டுமென்று அரசாங்கத்தை விடாது வற்புறுத்தி, அதற்கான கருவிகளையும் முறைகளையும் கற்றுவர 1823-ன் இறுதியில் பாரிஸ் நகரம் சென்றார். தூரதர்சினிகளைப் பற்றி அறியப்போன அவர், அங்கே லாப்லாஸ், ஃபூரியே முதலிய மேதைகளின் சூழலில் நிகழ்தகவுக் கணிதத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினார். அந்தச் சில மாதங்களின் விளைவு வானத்தைவிட மண்ணிலே அதிகமாகப் பலித்தது.

வானசாஸ்திரிகளுக்கு நெடுங்காலமாக ஒரு சங்கடம் இருந்தது. ஒரே நட்சத்திரத்தின் நிலையை, ஒரே கருவியால், ஒரே மனிதர் பலமுறை அளந்தாலும், விடைகள் முற்றும் ஒத்திருப்பதில்லை. கை நடுங்கும், காற்று அசையும், கண் அயரும். இந்தப் பிழைகள் மனம்போனபடி சிதறிக் கிடப்பவை அல்ல, சிறு பிழைகள் மிகுதியாகவும் பெரும் பிழைகள் அரிதாகவும், மெய்யளவுக்கு மேலும் கீழும் ஏறக்குறைய சமமாகவும் அமைந்து தாமும் ஒரு நியதிக்கு உட்படுபவை என்பதையும், எல்லா அளவுகளின் சராசரியே மெய்யளவுக்கு மிக அருகில் நிற்கும் என்பதையும் லாப்லாஸும் ஜெர்மானியராகிய காஸும் கணிதத்தால் நாட்டியிருந்தனர். கெத்லேயின் துணிவு, இந்த நியதியை ஆகாயத்திலிருந்து இறக்கி மனிதர் கூட்டத்தின்மேல் வைத்துப் பார்த்ததில் இருக்கிறது. ஒரு நாட்டு மனிதரின் உயரங்களை எல்லாம் வரிசையாக எழுதினால், அவையும் ஒரே பொருளைப் பலமுறை பிழையோடு அளந்ததுபோலவே அமைகின்றன என்று கண்ட அவர், இயற்கை ஒரு சராசரி மனிதனை இலக்காக வைத்துப் படைக்கிறது, நாம் ஒவ்வொருவரும் அந்த இலக்கிலிருந்து சற்றே விலகிய பிழைகள் என்னும் முடிவுக்கு வந்தார்.

இந்தச் சிந்தனையில் பெருமையும் அபாயமும் ஒருங்கே உள்ளன என்பது என் அபிப்பிராயம். நட்சத்திரத்துக்கு மெய்யான இடம் ஒன்று உண்டு. நம் அளவைதான் தவறுகிறது. மனித குலத்துக்கு அப்படி மெய்யான உருவம் ஒன்று எங்கே இருக்கிறது? நெடியவனும் குறியவனும் மெலிந்தவனும் பருத்தவனும் எவனுடைய பிழை? சராசரியை உண்மை என்று கொள்வதிலிருந்து சராசரியை உத்தமம் என்று கொள்வதற்கு ஓர் அடிதான். அந்த அடியைக் கெத்லேயே எடுத்து வைத்துவிட்டார்.

ஆனால் அவருடைய முறையின் ஆற்றலை உணர ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். 1846-ல் வெளியிட்ட கடித வடிவான நூலில், அவர் ஸ்காட்லாந்துப் போர்வீரர் 5,738 பேரின் மார்புச் சுற்றளவுகளை எடுத்துக்கொண்டு, அவை பிழை நியதியின்படியே அமைந்திருப்பதைக் காட்டினார். அதே நூலில் பிரான்ஸ் தேசத்தில் பட்டாளத்துக்குச் சேர்க்கப்பட அழைக்கப்பட்ட ஒரு லட்சம் இளைஞரின் உயரங்களையும் ஆராய்ந்தார். அந்நாளில் 157 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர் படைச் சேவையிலிருந்து விலக்குப் பெறுவர். கணக்கின்படி அந்த வரம்புக்குக் கீழே இருக்கவேண்டியவர்களைக் காட்டிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மிகுதியாக இருந்தனர். வரம்புக்குச் சற்று மேலே ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைவு தென்பட்டது. முழங்காலை மடக்கியோ, அளப்பவரின் தயவாலோ, யுத்தத்துக்குப் போக விரும்பாத இளைஞர் சிலர் ஓரிரு அங்குலம் குறுகிவிட்டனர் என்பதை, பிரஸ்ஸல்ஸில் ஒரு மேசையின்முன் அமர்ந்து, அவர்களில் ஒருவரையும் காணாமலே கெத்லே கண்டுபிடித்துவிட்டார்.

இதில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. இரண்டாயிரம் பேர் வஞ்சித்தனர் என்று அக்கணக்கு ஐயமின்றிச் சொல்லிற்று; ஆனால் அவ்விரண்டாயிரம் பேரில் ஒருவனையேனும் சுட்டிக்காட்ட அதனால் இயலவில்லை. வரிசையில் நின்ற 156 சென்டிமீட்டர் இளைஞன் பிறவியிலேயே குறியவனா, முழங்காலை மடக்கியவனா என்று கேட்டால், கணக்கு மௌனமாகிவிடும். உடல் நிறைக் குறியெண்ணின் பிற்கால வரலாறு முழுவதையும் இந்த ஒரு நிகழ்ச்சியின் வெளிச்சத்திலேயே நான் படிக்கிறேன்.

இனி அந்தக் குறியெண்ணின் பிறப்பைப் பார்ப்போம். மனிதனையும் அவன் ஆற்றல்களின் வளர்ச்சியையும் பற்றிக் கெத்லே எழுதிய பெருநூல் 1835-ல் பாரிஸில் பிரசுரமாயிற்று. பிறப்பு, இறப்பு, விவாகம், குற்றம், தற்கொலை, கையின் பலம், நாடித் துடிப்பு என்று எண்ணத்தக்க யாவற்றையும் எண்ணிய அந்நூலில், நிறையைப் பற்றிய அத்தியாயமும் இடம்பெற்றது. பிரஸ்ஸல்ஸில் பிறந்த சிசுக்களை நிறுத்து, ஆண் குழந்தைக்குச் சராசரி 3.20 கிலோகிராம், பெண் குழந்தைக்கு 2.91 கிலோகிராம் என்று குறித்தார். பின்னர் சிறுவர், இளைஞர், முதியோர் என வயது வயதாக நிறையையும் உயரத்தையும் அட்டவணையில் வைத்து, இரண்டுக்கும் இடையே உள்ள உறவைத் தேடினார்.

சிறு குடம் ஒன்றும், அதே வடிவில் உயரத்தில் இருமடங்கான பெரிய குடம் ஒன்றும் இருந்தால், பெரிய குடம் எட்டு மடங்கு நீர் கொள்ளும். ஏனெனில் உயரம் மட்டுமன்றி அகலமும் ஆழமும் இருமடங்காகின்றன. மனித தேகமும் அவ்வாறே எல்லாத் திசையிலும் சமமாக வளருமாயின், நிறை உயரத்தின் கனத்தைத் தொடர்ந்து ஏறவேண்டும். கெத்லேயின் அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. வளர்ச்சி முடிந்த மனிதரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டால், நிறை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு இசையவே கூடுகிறது. நெடியவர் குறியவரின் பெருக்கிய வடிவமாக இல்லாமல், தம் உயரத்துக்குச் சற்றே ஒடுங்கியவராக இருக்கின்றனர். வளரும் பருவத்திலோ நிறையின் வர்க்கம் உயரத்தின் ஐந்தாம் படியோடு ஒத்துச் செல்கிறது என்று மற்றொரு விதியையும் அவர் எழுதினார். கிலோகிராமில் சொன்ன நிறையை, மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இன்றைய கணக்கு, முதல் விதியிலிருந்து நேரே பிறந்தது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 64 கிலோகிராம் இருந்தால், 1.6-ன் வர்க்கமாகிய 2.56-ஆல் வகுக்க, 25 என்று வரும்.

இவ்வளவையும் கண்ட கெத்லேக்குப் பருமன் ஒரு நோய் என்ற சிந்தனையே அங்கு இல்லை. கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. எவர் நெடுநாள் வாழ்வார், எவர் சீக்கிரம் மாள்வார் என்பதற்கும் இந்த வகுத்தலை அவர் பயன்படுத்தவில்லை. மனிதர் கூட்டத்தின் உருவத்தில் ஒரு கிரமம் இருப்பதைக் கண்ட மகிழ்ச்சியே அவருக்குப் போதுமாக இருந்தது. 1855-ல் மூளையில் ரத்தப் போக்கு ஏற்பட்டு அவருடைய பழைய சக்தி குன்றியது. ஆயினும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் போன்றோர் அவரைக் குருவாகவே மதித்தனர். 1874 பிப்ரவரியில், எழுபத்தெட்டாம் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னதாக, அவர் காலமானார். அவருடைய வகுத்தலும் ஏறத்தாழ நூறு வருஷம் உறங்கிற்று.

இடைக்காலத்தில் எடையைப் பற்றிப் பேசியவை அமெரிக்க ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். பாலிசிதாரர் எப்போது இறப்பார் என்பது அவற்றுக்குப் பண விவகாரமாகையால், பருத்தவர் சராசரிக்கு முன்பே இறக்கின்றனர் என்பதை அவை வைத்தியருக்கு முன்பே கவனித்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கம்பெனியில் புள்ளியியல் நிபுணராக விளங்கிய லூயி டப்ளின் மேற்பார்வையில் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த எடை அட்டவணைகள், பின்னர் 1959-ல் திருத்தப்பெற்று, உலகெங்கும் வைத்தியசாலைச் சுவர்களில் தொங்கின. அவற்றின் குறைகள் பல. இன்ஷூரன்ஸ் எடுக்க வசதியுள்ளவர்களின் கணக்கே அவற்றில் இருந்தது. உடையோடும் காலணியோடும் அளந்த அளவுகள் இருந்தன. எலும்புக்கட்டு சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரித்துவிட்டு, எது எவருடையது என்று தீர்மானிக்கும் முறை சொல்லப்படவில்லை.

இந்த அட்டவணைகளின்மேல் அதிருப்தி கொண்டவர்களுள் முக்கியமானவர், மின்னஸோட்டா சர்வகலாசாலையின் ஆன்ஸல் கீஸ். 1904-ல் பிறந்து நூறு வயதைக் கண்டு 2004-ல் மறைந்த இவர், இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில் முப்பத்தாறு இளைஞரின் சம்மதத்தோடு அவர்களை மாதக்கணக்கில் அரைப்பட்டினியில் வைத்து, பஞ்சத்தில் தேகமும் மனமும் எவ்வாறு சிதைகின்றன, எவ்வாறு மீட்கத்தக்கவை என்று ஆராய்ந்து, 1950-ல் இரண்டு பெரும் தொகுதிகளாக வெளியிட்டவர். இருதய நோயையும் உணவையும் பற்றிய ஏழு நாட்டு ஆராய்ச்சியையும் அவரே தொடங்கினார். நாடு நாடாகப் போய் மனிதரை நிறுத்துக்கொண்டிருந்த அவருக்கு, ஃபின்லாந்தின் மரம்வெட்டியையும் ஜப்பானின் மீனவனையும் ஒரே அளவுகோலில் வைக்க எளிய கணக்கு ஒன்று தேவைப்பட்டது.

1972-ல் கீஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்கா, ஃபின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரின் அளவுகளைக் கொண்டு மூன்று கணக்குகளைப் போட்டிக்கு நிறுத்தியது: நிறையை உயரத்தால் வகுப்பது, உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது, உயரத்தை நிறையின் கனமூலத்தோடு ஒப்பிடுவது. நல்ல கணக்குக்கு இரண்டு லட்சணங்களை அவர்கள் வகுத்தனர். ஒருவர் நெடியவர் என்பதனாலேயே எண் ஏறவோ இறங்கவோ கூடாது; மேற்புயத்தின் பின்புறத்திலும் தோள்பட்டையின் கீழும் தோலை மடித்துக் கிடுக்கிக் கருவியால் அளந்த கொழுப்போடு அது கூடியவரை ஒத்துச் செல்லவேண்டும். கெத்லேயின் வகுத்தல்தான் தேறியது; கனமூலக் கணக்கு மூன்றிலும் கடையாக நின்றது. உடல் நிறைக் குறியெண் என்ற பெயரும் அக்கட்டுரையிலேயே வைக்கப்பட்டது. கீஸ் அதை முழுத் திருப்தி தருவது என்று புகழவில்லை. எளிமையில் சிறந்தது, மற்றவற்றுக்குத் தாழ்ந்ததன்று என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். பெண்கள் ஒருவர்கூட அந்த ஆராய்ச்சியில் இல்லை என்பதையும், கூட்டங்களை ஒப்பிடவே அவர் அதைப் பரிந்துரைத்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

எண் வந்தபின் எல்லைக்கோடுகள் வந்தன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்கள் 1985-ல் கூட்டிய மாநாடு, ஆடவருக்கு 27.8-க்கும் பெண்டிருக்கு 27.3-க்கும் மேற்பட்டதை மிகை எடை என்று கொண்டது. 1998-ல் அந்த வரம்பு இருபாலாருக்கும் 25 ஆகத் தாழ்த்தப்பட்டபோது, கோடிக்கணக்கான அமெரிக்கர், ஓர் அவுன்ஸ்கூடக் கூடாமல், முந்தின நாள் சரியாக இருந்து மறுநாள் மிகை எடைக்காரர் ஆயினர். உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்தது 18.5 முதல் 25 வரை சரியான நிலை, 25-க்கு மேல் மிகை எடை, 30-க்கு மேல் உடற்பருமன் என்பது. 24.9-க்கும் 25.1-க்கும் நடுவே தேகத்தில் எந்த வாசலும் இல்லை. நிர்வாகத்துக்குக் கோடு வேண்டும், ஆகையால் கோடு கிழிக்கப்பட்டது.

இவ்வாறு சொல்வதால் அந்த எண் வெறும் கற்பனை என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. ஐம்பத்தேழு ஆராய்ச்சிகளைத் தொகுத்து, பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்த ஒன்பது லட்சம் பேரின் வாழ்வையும் மரணத்தையும் கணக்கிட்ட 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, 22.5-க்கும் 25-க்கும் இடைப்பட்டவரிடையே மரணம் மிகக் குறைவு என்றும், 25-க்கு மேல் ஐந்து ஐந்தாகக் கூடும்போது மரண விகிதம் ஏறத்தாழ முப்பது சதவீதம் ஏறுகிறது என்றும், 40-ஐத் தாண்டியவர் எட்டு முதல் பத்து ஆண்டு ஆயுளை இழக்கின்றனர் என்றும் காட்டிற்று. ரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய், முழங்கால் தேய்வு யாவும் அந்த ஏற்றத்தின் உடன்பிறந்தவை. ஜனசமூகத்தின் ஆரோக்கியத்தை அறிய இவ்வளவு எளிதும் செலவற்றதுமான கருவி வேறொன்று இல்லை. வரிசையில் நிற்கும் ஒரு மனிதரிடம் திரும்பும்போதுதான் பழைய மௌனம் வந்து சேர்கிறது. உடலுழைப்பால் சதை இறுகிய பயில்வானும், அசையாமல் அமர்ந்து வயிறு பெருத்தவரும் ஒரே எண்ணைப் பெறுவர். முதுமையில் சதை கரைந்து அதனிடத்தில் கொழுப்பு ஏறினால், எண் அசையாமலே தேகம் மாறிவிடும்.

நம் தேசத்துக்கு இந்த எண்ணின் கீழ் எல்லையும் முக்கியம், மேல் எல்லையும் முக்கியம். 1988-ல் ஜேம்ஸ், ஃபெர்ரோ-லூஸி, வாட்டர்லோ என்னும் மூவர், 18.5-க்குக் கீழ்ப்பட்ட நிலையை நாட்பட்ட சக்திக் குறைவு என்று வகுத்து, 17-க்கும் 16-க்கும் கீழே போகப்போக அதன் கடுமையைப் படிகளாகப் பிரித்தனர். பசியை அளக்க உணவுக் கணக்கை மட்டும் நம்பியிருந்த நாடுகளுக்கு இது பேருதவியாயிற்று. 1998–99-ல் நம் தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அந்தக் கீழ் எல்லைக்கும் கீழே இருந்தனர். 2019–21 ஆய்விலோ அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 25-க்கு மேற்பட்ட பெண்கள் நூற்றுக்கு நாற்பது பேராயினர். ஒரு தலைமுறைக்குள் பஞ்சத்தின் கணக்கும் மிகுதியின் கணக்கும் ஒரே வீட்டு வாசலில் சந்தித்தன.

அதினும் வியப்பான விஷயம், நம்மவரிடையே நீரிழிவு மெலிந்தவரையும் விடுவதில்லை. புனே நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இதன் காரணத்தைத் தேடிச் சிசுக்களிடம் போனார். புனேயைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை சுமார் 2.7 கிலோகிராம்; இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5. நம் குழந்தை சதையிலும் உள்ளுறுப்புகளிலும் மிகக் குறைந்திருந்தும், தோலடிக் கொழுப்பில் அவ்வளவு குறைந்திருக்கவில்லை. பிறக்கும்போதே மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைக் காத்து வைத்திருக்கும் தேகம் அது. 2004-ல் யாஜ்னிக்கும் லண்டன் வைத்தியராகிய ஜான் யுட்கினும் தோளோடு தோள் நின்ற ஒரு படத்தை 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டனர். இருவருக்கும் குறியெண் ஒன்றே, 22.3. தேகக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எத்தனை பக்கங்கள் எழுதினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

அதே ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23-லேயே எச்சரிக்கையும் 27.5-ல் கடும் எச்சரிக்கையும் வேண்டுமென்று கருத்துரைத்தது. 2009-ல் இந்திய வைத்தியர்கள் கூடி, நமக்கு 23-லிருந்தே மிகை எடை, 25-லிருந்தே உடற்பருமன் என்று வகுத்துக்கொண்டனர். முன்பு கணக்கிட்ட 160 சென்டிமீட்டர் மனிதருக்கு இதன்படி 59 கிலோகிராமே எச்சரிக்கையின் தொடக்கம். ஐரோப்பிய அட்டவணையைப் பார்த்து, கவலையில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ மெலிந்த தகப்பன்மாரும் தாய்மாரும், வயிற்றின் உள்ளே சேர்ந்திருந்த கொழுப்பை அறியாமலே சர்க்கரை நோய்க்கு ஆளாகினர் என்பதை நினைக்கும்போது, இந்தக் கோட்டை நகர்த்த இத்தனை காலம் ஆயிற்றே என்ற வருத்தம் எனக்கு மிகுகிறது.

கொழுப்பு எவ்வளவு என்பதோடு அது எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்டவர், இக்குறியெண்ணுக்குப் பெயர் வைக்கப்படுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஒருவர் இருந்தார். மார்ஸேல் துறைமுக நகரத்தில் வைத்தியம் செய்துவந்த ஜான் வாக் என்னும் அவர், 1947-ல், இடுப்புக்கு மேலே பருத்தவரையும் தொடையிலும் பிட்டத்திலும் பருத்தவரையும் இரு வகையாகப் பிரித்து, நோய் முன்னவரையே நாடுகிறது என்று எழுதினார். அளவுநாடா ஒன்றைத் தவிர வேறொன்றும் வேண்டாத அந்த ஞானம் ஏன் இத்தனை வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதை அடுத்த பகுதியில் ஆராய்வோம்.

(தொடரும்)